வீட்டுக் கராஜில் கோப்ரா கிட் கார்: முதல் பெட்டியிலிருந்து பதிவு எண் வரை

இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டனில் ஏசி நிறுவனம் செய்துவந்த 'ஏஸ்' என்ற லேசான ஸ்போர்ட்ஸ் காருக்குள் 1962-ல் ஃபோர்டின் வி8 இன்ஜினை இறக்கினார் கரோல் ஷெல்பி. அப்படிப் பிறந்ததுதான் கோப்ரா. மொத்தமே சுமார் ஆயிரம் வண்டிகள்தான் வந்தன. இன்று அசல் வண்டி ஒன்று ஏலத்துக்கு வந்தால் பேச்சு கோடிகளில்தான் இருக்கும். எனவே ஆசைப்பட்டவர்கள் நகலைக் கட்டத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் வேர்ஹாமில் இருக்கும் ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் 1995-ல் தொடங்கியதிலிருந்து இதற்குக் கிட், அதாவது நாமே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பு, விற்கிறது. கீழே வருவது அவர்களுடைய எம்கே4 ரோட்ஸ்டரை மனதில் வைத்து எழுதியது. இதே அமைப்பிலுள்ள மற்ற கோப்ரா கிட்டுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வெல்டிங் தெரிய வேண்டியதில்லை. 4 அங்குல உருண்டைக் குழாய்களால் ஆன சேஸிஸ் வெல்டிங் முடிந்தே வரும். ஸ்பானர் பிடிக்கவும், துளை போடவும், ஒயரிங் படத்தைப் பார்த்து வேலை செய்யவும் தெரிந்தால் போதும். ஆனால் வேலையின் வரிசையில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பாடி மாட்டுவதற்கு முன்பே வண்டி தானாக ஓடி, திரும்பி, பிரேக் பிடித்து நிற்க வேண்டும். எலும்புக்கூடாக ஓடும் இந்தக் கட்டத்தைக் கட்டுகிறவர்கள் 'கோ-கார்ட்' என்பார்கள். பாடி ஏறிய பிறகு ஒரு பிரேக் குழாய் இணைப்பை இறுக்கக்கூட அரை நாள் போய்விடும்.

வாங்குவதற்கு முன்

கிட் இரண்டு வகையில் கிடைக்கிறது. ஒன்று அடிப்படைக் கிட். அதற்குப் பழைய ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை, பெரும்பாலும் 1987–93 மாடலை, வாங்கிப் பிரித்து இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில், பிரேக், ஸ்டியரிங் தண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றது முழுக் கிட். அதில் இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில், சக்கரம், டயர், பேட்டரி, பெயிண்ட் போன்றவை போக ஏறக்குறைய எல்லாம் வரும்.

பழைய மஸ்டாங் மலிவு என்பது பாதி உண்மைதான். முப்பது வருஷத்துக்கு மேலான வண்டியில் காலிப்பர், பேரிங், ரப்பர் புஷ், ஹோஸ் எதையும் நம்பி அப்படியே மாட்ட முடியாது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கி, கழற்றிச் சுத்தம் செய்த நேரத்தையும் கணக்கில் சேர்த்தால், முதல்முறை கட்டுகிறவருக்கு முழுக் கிட்டே நல்லது. பணத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. கிட்டின் விலை மொத்தச் செலவில் பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரு பெரிய துண்டைத் தின்னும். பெயிண்ட் இன்னொரு பெரிய துண்டு. அதைத்தான் எல்லோரும் குறைத்துப் போடுகிறார்கள்.

இரண்டு கார் நிற்கும் கராஜ் வேண்டும். ஒரு கார் இடத்தில் சேஸிஸ், மறு பாதியில் பாடி. பாடி சேஸிஸ் மேலேயே ஏறித்தான் வரும். அதை முதல் நாளே கழற்றி, 2×4 மரச் சட்டங்களால் அடித்த ஒரு தாங்கியில் வைத்துவிடுங்கள். தாங்கிக்குச் சக்கரம் வைத்து, அடியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கினால் இடம் மிச்சமாகும். ஒழுங்காகத் தாங்கு கொடுக்காமல் மாதக்கணக்கில் வைத்தால் ஃபைபர் கிளாஸ் பாடி தொய்ந்துவிடும், அப்புறம் கதவு இடைவெளி சரியாக வராது.

கருவிகளில் சாதாரண ஸ்பானர், ரேச்சட் செட்டைத் தாண்டி இவை வேண்டும்: ஆறு ஜாக்கி ஸ்டாண்டுகள், 250 அடி-பவுண்டு வரை போகும் டார்க் ரென்ச், காற்றில் இயங்கும் ரிவெட் கன், 1/8 அங்குல ரிவெட்டுக்கான செம்பு நிறக் கிளீக்கோ (தகட்டைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும்) பின்கள் ஐம்பது, 30-ஆம் நம்பர் டிரில் பிட் ஒரு டஜன், பிரேக் குழாயின் முனையை விரித்து மடிக்கும் 45 டிகிரி இரட்டை ஃப்ளேர் கருவி, டிஜிட்டல் கோணமானி, மல்டிமீட்டர். கையால் அழுத்தும் ரிவெட் கன்னோடு தொடங்காதீர்கள். ரிவெட் ஆயிரத்தைத் தாண்டும், மணிக்கட்டு தாங்காது.

பெட்டிகள் வந்ததும் பாகப் பட்டியலோடு ஒவ்வொரு பையையும் பிரித்துச் சரிபாருங்கள். போல்ட்டை எண்ணுங்கள். விடுபட்டதை உடனே எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் வாதாட வேண்டியிருக்கும். சேஸிஸின் சான்றிதழ், ரசீதுகள் எல்லாவற்றுக்கும் அன்றே ஒரு கோப்பு போடுங்கள். ஏன் என்பது கடைசியில் வரும்.

அலுமினியப் பலகைகள்

கால் வைக்கும் பெட்டிகள், தரை, டிக்கி, இன்ஜின் அறைச் சுவர் எல்லாமே மெல்லிய அலுமினியத் தகடுகள். அனுப்பும்போது பெரும்பாலானவை தற்காலிகத் திருகுகளில் சேஸிஸோடு ஒட்டிக்கொண்டு வரும். கழற்றும் முன் ஒவ்வொரு தகட்டையும் நாலு பக்கத்திலிருந்து படம் எடுங்கள். எது எதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதை எந்தக் கையேடும் படம் அளவுக்குச் சொல்லாது.

தகட்டை அதன் இடத்தில் பிடித்து, பின்பக்கமாகக் குழாயின் விளிம்பை மார்க்கரால் கோடிடுங்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் துளை வரிசை வர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் இடங்களில் 2 அங்குலத்துக்கு ஒன்று, மற்ற இடங்களில் 3 அங்குலத்துக்கு ஒன்று. மேசையில் தகட்டில் மட்டும் துளை போட்டுவிட்டு, மீண்டும் சேஸிஸில் வைத்து, அந்தத் துளை வழியே குழாயைத் துளையுங்கள். ஒரு துளை முடிந்ததும் ஒரு கிளீக்கோ. கிளீக்கோ இல்லாமல் வரிசையாகத் துளைத்துக்கொண்டே போனால் தகடு மெல்ல நகர்ந்து, பத்தாவது துளையில் 1/16 அங்குலம் தள்ளி நிற்கும்.

எல்லாம் பொருந்திய பிறகு ரிவெட் அடிக்காதீர்கள். கழற்றிவிடுங்கள். பவுடர் கோட்டிங் கொடுப்பதென்றால் இப்போதுதான். ரிவெட் அடிக்கும் வேளையில் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் சிலிக்கான் பூசுங்கள். அது இல்லாவிட்டால் ஓடும்போது தகடு கடகடவென்று அதிரும். மழைத் தண்ணீரும் இன்ஜின் சூடும் உள்ளே வரும். ஓட்டுநரின் கால் பெட்டி மேல்தகட்டை மட்டும் கடைசி வரை ரிவெட் அடிக்க வேண்டாம். பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங் தண்டு மூன்றுக்கும் கை நுழையும் ஒரே வழி அதுதான். முன் சஸ்பென்ஷனுக்குப் பின்னால் உட்காரும் சிறு தகடுகள் இதற்கு நேர்மாறு. சஸ்பென்ஷன் ஏறிவிட்டால் அவை உள்ளே போகாது.

சஸ்பென்ஷனும் பின் ஆக்சிலும்

இங்கே வேலை வேகமாக நகரும், வார இறுதிகள் இரண்டில் சக்கரம் மாட்டிவிடலாம். கவனிக்க வேண்டியவை சிலதான். பவுடர் கோட்டிங் படிந்த போல்ட் துளைகளை முதலில் சுத்தம் செய்யுங்கள், இறுகிப்போன போல்ட்டைச் சுத்தியால் அடித்து ஏற்ற வேண்டாம். பாலியூரிதேன் புஷ்களுக்கு அவற்றுக்கான கிரீஸ் தடவாவிட்டால் கீச்சிடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்தில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

1994–2004 மஸ்டாங் வகை முன் ஹப் நட்டுக்கு 225–250 அடி-பவுண்டு, 1987–93 வகைக்கு இது பொருந்தாது. பெரிய டார்க் ரென்ச் கேட்டது இதற்காகத்தான். முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாத போல்ட் இன்னும் முறுக்காதது என்று அர்த்தம். இந்த ஒழுங்கு இல்லாமல் யாரும் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது.

ஃபோர்டின் 8.8 அங்குலப் பின் ஆக்சிலில் டிராக்ஷன்-லாக் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் கியர் ஆயிலோடு 4 அவுன்ஸ் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் சேர்க்க வேண்டும். மறந்தால் மெதுவாகத் திருப்பும்போதெல்லாம் பின்பக்கம் அதிர்ந்து திணறும். ஆக்சிலின் காற்றுத் துளையும் அடைபடாமல் இருக்கட்டும், அடைந்தால் ஆயில் சீல் வழியே கசியும்.

பிரேக்கும் எரிபொருள் குழாயும்

பிரேக் குழாய் 3/16 அங்குல எஃகு, அல்லது வளைக்க எளிதான செம்பு-நிக்கல். முனையை 45 டிகிரி இரட்டை ஃப்ளேர் செய்யுங்கள். பந்தயப் பாகங்களில் வரும் 37 டிகிரி இணைப்போடு இதைச் சேர்த்து முறுக்கினால் முதலில் பிடித்ததுபோலத் தெரியும், அழுத்தம் ஏறும்போது ஒழுகும். ஃப்ளேர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அடைப்பது மரை அல்ல, ஃப்ளேரின் முகம்தான். டேப் துணுக்கு உள்ளே போனால் மாஸ்டர் சிலிண்டரின் துளையை அடைக்கும். வெட்டிய குழாயின் உள்விளிம்பைச் சுத்தம் செய்து, நட்டைக் கோர்த்த பிறகுதான் ஃப்ளேர் போட வேண்டும். முதல் நாள் எல்லோரும் நட்டைக் கோர்க்க மறந்துவிட்டுக் குழாயை வெட்டுவார்கள், அதற்காகக் கொஞ்சம் நீளம் விட்டே வாங்குங்கள்.

பிரேக்கில் காற்று எடுக்கும்போது மணிக்கணக்கில் பம்ப் செய்தும் பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது காலிப்பரின் பிளீடர் திருகு, அதாவது காற்றை வெளியேற்றும் திருகு, எங்கே இருக்கிறது என்பதை. அது காலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தால் திருகு கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும். எத்தனை டப்பா ஃப்ளூயிட் ஊற்றினாலும் வெளியே வராது. மாற்றி மாட்டினால் ஒரு மணி நேர வேலை.

காற்று எடுப்பதைத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: பின்வலது, பின்இடது, முன்வலது, முன்இடது. பிரேக் ஃப்ளூயிட் டாட் 3 அல்லது டாட் 4 போதும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ அவற்றோடு கலக்கக் கூடாது. கிட்டின் பெடல் பெட்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் உண்டு, நடுவில் ஒரு பேலன்ஸ் கம்பி. ஆரம்பத்தில் அதை நடுவில் வையுங்கள். பின்னர் காலியான இடத்தில் ஓட்டிப் பார்த்து, அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம்தான் முதலில் நிற்கும்படி திருப்புங்கள். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் இந்தக் குட்டி வண்டி அப்படியே சுழலும். வீல்பேஸ் வெறும் 90 அங்குலம்.

எரிபொருள் பக்கம் ஒரே எச்சரிக்கை. மஸ்டாங்கின் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனுக்கு சுமார் 39 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும், கார்புரேட்டருக்கு 6–7 போதும். இன்ஜெக்‌ஷன் பம்பை ரெகுலேட்டர் இல்லாமல் கார்புரேட்டரோடு இணைத்தால் பெட்ரோல் மேலே பொங்கி வழியும். கீழே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது.

இன்ஜினை இறக்குதல்

வழக்கமான தேர்வு ஃபோர்டு 302 (கன அங்குலம்) வி8-ம் டி-5 ஐந்து கியர் பெட்டியும். புதிய கோயோட் 5.0 லிட்டர் இன்ஜினும் போகும், ஆனால் அது அகலமானது, ஓட்டுநர் கால் பெட்டியின் தகடுகளே மாறும். முதல் வண்டிக்கு 302 போதும்.

302-ல் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று சமநிலை எடை. 1980-களின் தொடக்கத்துக்கு முந்தைய 302-க்கு 28 அவுன்ஸ், பிந்தையதற்கு 50 அவுன்ஸ். ஃப்ளைவீலும் முன்புற பேலன்சரும் கிராங்க்கோடு பொருந்தாவிட்டால் வண்டி முழுதும் நடுங்கும், விட்டால் பேரிங் போய்விடும். பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டிய இன்ஜினை வாங்கும்போது இதைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவது ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை. பழைய 302-க்கு 1-5-4-2-6-3-7-8. மஸ்டாங் எச்.ஓ. (கூடுதல் சக்தி) வகைக்கும் பெரிய 351 இன்ஜினுக்கும் 1-3-7-2-6-5-4-8. இதை முடிவு செய்வது கேம் ஷாஃப்ட். வால்வ் கவரில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம்.

இன்ஜினையும் கியர் பாக்ஸையும் தரையில் ஒன்றாகச் சேர்த்து, வாலைத் தாழ்த்தி, இரண்டையும் ஒரே மூச்சில் இறக்குவது எளிது. சாய்வை மாற்றும் லெவலர் ஒன்றைக் கிரேனில் மாட்டுங்கள். சேஸிஸின் முன் குழாய்களுக்குப் பழைய போர்வை சுற்றுங்கள். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கைக் கியர் பாக்ஸ் இல்லாமல் முதலில் மாட்டி, டயல் கேஜில் மையம் பாருங்கள். 0.005 அங்குலத்துக்கு மேல் தள்ளியிருந்தால் டி-5-ன் முன் பேரிங் அடிபடும். டி-5-க்குக் கியர் ஆயில் அல்ல, டெக்ஸ்ரான் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி ஃப்ளூயிட்), 2.8 குவார்ட். ஆயில் சம்ப்தான் வண்டியின் தாழ்ந்த இடம். தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள், வேகத்தடையில் நினைவுக்கு வரும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓரடி நீளம்தான் இருக்கும். இத்தனை குட்டையானதில் கோணப் பிசகு உடனே அதிர்வாகத் தெரியும். வண்டி தரையில் நிற்கும் உயரத்தில், கியர் பாக்ஸின் வெளித்தண்டும் ஆக்சிலின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று கோணமானியில் பாருங்கள். ஜாயிண்ட்டின் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். பூஜ்யமும் நல்லதல்ல, ஜாயிண்ட்டின் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேயும்.

ஒயரிங்

ஒயர் கட்டு பெயர் அச்சிட்டே வரும், பயப்பட ஒன்றுமில்லை. கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த்தில்தான். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு ஒரு தடித்த எர்த், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு இன்னொன்று. இரண்டாவதை மறந்தால் செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் வேறு வழி தேடும். ஆக்ஸிலேட்டர் கேபிள் அல்லது கிளட்ச் கேபிள் வழியாகப் போய், கேபிள் சிவக்கச் சிவக்கச் சூடாகும். எர்த் உட்காரும் இடத்தில் பவுடர் கோட்டிங்கைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். பாடி ஃபைபர் கிளாஸ் என்பதால் விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் ஒயர் சேஸிஸ் வரை வர வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்கலாக மினுக்கினால் அங்கேதான் தேடணும்.

ரேடியேட்டர் ஃபேனுக்கு 40 ஆம்பியர் ரிலே. ஸ்விட்சை நேராக இணைத்தால் ஸ்விட்ச் உருகும்.

முதல் ஸ்டார்ட்

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஆயில் பம்பை டிரில் மெஷினால் சுழற்றி ஆயிலை மேலேற்றுங்கள். 302-ன் பம்ப் தண்டு 1/4 அங்குல ஆறுமுகம், 351-ல் 5/16. எதிர்க் கடிகாரச் சுற்றில் ஓட்ட வேண்டும். டிரில் திடீரென்று பாரமாவதும் ஆயில் கேஜ் ஏறுவதும் தெரியும்போது நிறுத்தலாம். ஆயில் ஃபில்டரோடு 5 குவார்ட் பிடிக்கும்.

முதல் சிலிண்டர் அமுக்கும் சுற்றின் உச்சிக்கு வந்திருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டரைப் போடுங்கள். ஸ்பார்க் பிளக் துளையில் விரலை வைத்து, காற்று விரலைத் தள்ளுகிறதா என்று பார்த்தால் தவறாது. ஒரு சுற்று தள்ளிப் போட்டால் கார்புரேட்டர் வழியே தீ உமிழும். ஸ்பார்க் டைமிங்கை உச்சிக்கு 10 டிகிரி முன்னால் வைத்துத் தொடங்குங்கள். ரோலர் அல்லாத தட்டை டேப்பட் கேம் என்றால் துத்தநாகம் கூடுதலான ஆயில் போட்டு, ஸ்டார்ட் ஆன உடனே 2000–2500 ஆர்பிஎம்மில் 20 நிமிஷம் ஓட வேண்டும். ஐடிலில் விட்டால் கேம் தேய்ந்துவிடும். பக்கத்தில் ஒரு தீயணைப்பான், ஒரு ஆள்.

கூலன்ட்டில் காற்று தேங்குவது இந்த வண்டியின் வழக்கமான வியாதி. ரேடியேட்டர் இன்ஜினைவிடத் தாழ்ந்திருப்பதுதான் காரணம். மேல் ஹோஸின் உயர்ந்த இடத்தில் ஊற்று மூடி வரும்படி வைத்து, தெர்மோஸ்டாட் தட்டில் 1/8 அங்குலத் துளை ஒன்று போட்டுவிடுங்கள்.

இனி கோ-கார்ட். வீதியில் அல்ல, தனியார் இடத்தில். சீட்டும் பெல்ட்டும் போல்ட்டில் இறுகியிருக்க வேண்டும். மெதுவாக ஓட்டி, நிறுத்தி, அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வீல் நட்டுகளை 80–100 அடி-பவுண்டில் மீண்டும் முறுக்குங்கள். கசிவு, உரசல், சூடு மூன்றும் இல்லையென்று ஆகும்வரை பாடியைத் தொட வேண்டாம்.

பாடியும் பெயிண்ட்டும்

நாலு பேர் சேர்ந்தால் பாடி எளிதாக ஏறும். கதவு, பானட், டிக்கி மூன்றையும் பீடிங் ரப்பர் ஒட்டிய நிலையிலேயே பொருத்துங்கள். ரப்பர் இல்லாமல் இடைவெளி சரிசெய்து பெயிண்ட் அடித்துவிட்டு, பிறகு ரப்பர் ஒட்டினால் கதவு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். இடைவெளி 3/16 அங்குலம் நல்ல அளவு. விண்ட்ஷீல்டின் கால்கள் பாடித் துளை வழியே சேஸிஸில் இறங்குவதால் அதையும் பெயிண்ட்டுக்கு முன் ஒருமுறை முழுதாக மாட்டிக் கழற்றுங்கள்.

பாடியை வார்த்த அச்சின் இணைப்புக் கோடுகள் பாடி முழுக்க ஓடும். அவற்றை மேலோடு தேய்த்துப் பட்டி போட்டால் சில மாதம் வெயில் பட்டதும் கோடு மறுபடி எழும்பும். 36 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் பள்ளமாகத் தேய்த்து, ஃபைபர் கலந்த பட்டியால் நிரப்பி, அதன்மேல்தான் சாதாரணப் பட்டி. பிரைமர் அடித்த பிறகு சில வாரம் வெயிலில் விட்டு, எழும்புவது எழும்பட்டும் என்று காத்திருந்து மறுபடி தேய்ப்பது நல்லது. இந்த வேலையைப் பெயிண்ட்டரிடம் கொடுப்பதாக இருந்தால் ஃபைபர் கிளாஸ் பாடியில் கை பழகியவரைத் தேடுங்கள்.

சக்கர அலைன்மென்ட்டுக்குப் பவர் ஸ்டியரிங் இருந்தால் காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) 7 டிகிரி, இல்லாவிட்டால் அதில் பாதி. கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) மைனஸ் அரை டிகிரி, டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பும் அளவு) 1/16 அங்குலம். பக்கவாட்டு எக்ஸாஸ்ட்டின் மேல் காலை வைத்து இறங்கிச் சூடு வாங்கிக்கொள்வதைக் கோப்ராக்காரர்கள் 'பாம்புக் கடி' என்பார்கள். அரைக்கால் சட்டை போட்ட விருந்தாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதிவு

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சிலர் கட்டிய வருஷத்தைப் போடுவார்கள், சிலர் நகலெடுத்த மாடலின் வருஷமான 1965 என்று போடுவார்கள். புகைச் சோதனை விதி அதைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் எஸ்பி 100 சட்டப்படி ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும் சலுகைச் சான்று உண்டு, வரிசையில் முந்துகிறவருக்கே கிடைக்கும். எல்லா இடத்திலும் கேட்பவை: கிட் நிறுவனம் தரும் உற்பத்திச் சான்றிதழ், இன்ஜினும் கியர் பாக்ஸும் யாரிடம் வாங்கினீர்கள் என்ற ரசீது, பழைய வண்டியைப் பிரித்திருந்தால் அதன் உரிமைப் பத்திரம், விற்பனை வரி கட்டிய ஆதாரம். திருட்டுப் பாகம் இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. கிட்டுக்குப் பணம் கட்டும் முன்பே உங்கள் மாநில அலுவலகத்தின் படிவத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். சில மாநிலங்களில் விளக்கின் உயரம், மட்கார்டு, வைப்பர் வரை அளப்பார்கள், கட்டும்போதே அதற்கேற்ப வைத்துவிடலாம். காப்பீட்டில், இழப்பு ஏற்பட்டால் எவ்வளவு தருவார்கள் என்பதை முன்கூட்டியே பேசி எழுதும் வகையைக் கேளுங்கள். சாதாரணப் பாலிசியில் கோப்ரா நகலுக்கு மதிப்புப் போடத் தெரியாமல் குறைத்துவிடுவார்கள்.